சிம்பாங்கில் ஒரு மணி நேரம்



இந்த மாதக் கிளை வகுப்புக்கான பாடத்தை நான் எழுத வேண்டும் என்று முடிவானபோது, எனக்குக் கொடுத்த தலைப்பு 'சாலைப் பாதுகாப்பு'. அதில் என்ன எழுதுவது? ஹெல்மெட் போடு, வேகமாகப் போகாதே, சிவப்பு விளக்கில் நில். ஒன்றாம் ஆண்டிலிருந்து கேட்டுக் கேட்டு நம் காது மரத்துப் போய்விட்டது. அதனால் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தோம். ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் பெரிய பிள்ளைகள் ஆறு பேரைத் தோட்டத்து ரோடு மெயின் ரோட்டைத் தொடும் சிம்பாங்குக்கு அனுப்பினேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் மூன்று கட்டம்: முழுசா நின்னவங்க, மெதுவாக்கிட்டுப் போனவங்க, அப்படியே போனவங்க. பஸ் நிறுத்தத்தின் நிழலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

நான் பின்னாலேயே மோட்டாரில் வந்தேன். எதிர்ப்பக்கக் கடையில் பிள்ளைகளுக்கு நாசி லெமாக் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால், நடுக் கட்டத்தில் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் 'அண்ணன்' என்று எழுதியிருந்தது.

"யாருப்பா இது?" என்றேன்.

"நீங்கதாண்ணே."

"நான் ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தானே போனேன்?"

"பாத்தீங்க. ஆனா கால் கீழ வைக்கலையே, அண்ணே."

அந்தத் தம்பிக்குப் பதின்மூன்று வயது. நான் பதில் பேசவில்லை. பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது, எனக்கு.

எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் நிற்கவில்லை என்ற எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு ஞாயிறு காலை, ஒரு சிம்பாங், ஆறு பிள்ளைகள் போட்ட கோடுகள். அதைப் புள்ளிவிவரம் என்று சொன்னால் அது பொய். ஆனால் முதல் கட்டம் கிட்டத்தட்ட காலியாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம். நின்றவர்களில் பாதிப் பேர் எதிரே வண்டி வந்ததால் நின்றவர்கள். யாருமே வராதபோதும் பலகைக்காக நின்றவர் யார் என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'எல்' பலகை மாட்டிய பயிற்சி வண்டி ஒன்று வந்ததாம். அது நின்றதாம்.

அந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவப்பு நிறம், எட்டு மூலை, நடுவில் வெள்ளை எழுத்தில் 'பெர்ஹெந்தி'. வேறு எந்தச் சாலைப் பலகைக்கும் எட்டு மூலை கிடையாது. இந்த வடிவம் 1923ஆம் ஆண்டு அமெரிக்காவில் முடிவானது. பலகையின் மூலைகள் எத்தனைக்கெத்தனை அதிகமோ, அந்த இடத்தில் அத்தனைக்கத்தனை ஆபத்து என்பது அன்று சாலைத் துறையினர் போட்ட கணக்கு. வட்டத்துக்குக் கணக்கில்லாத மூலை என்று வைத்து அதை ரயில் பாதைக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆபத்தான இடமான சந்திக்கு எட்டு மூலை. முதலில் அது மஞ்சள் நிறம். வெயிலிலும் மழையிலும் மங்காத சிவப்புப் பூச்சு அப்போது கையில் இல்லை. 1954இல்தான் அங்கே சிவப்பானது. எழுத்து அழிந்துபோனாலும், படிக்கத் தெரியாதவர் வந்தாலும், அந்த வடிவமே பேசும். பின்பக்கமிருந்து பார்த்தாலும் எதிரே வருகிறவன் நிற்க வேண்டியவன் என்று தெரிந்துவிடும். ஒரு தகரத் துண்டுக்குள் இவ்வளவு யோசனை!

இன்னொன்று, தலைகீழாக நிற்கும் முக்கோணம், 'பெரி லாலுவான்'. வழி விடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உண்டாங் தேர்வுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். முக்கோணத்தில், யாராவது வந்தால் நிற்க வேண்டும். யாரும் வராவிட்டால் மெதுவாகப் போகலாம். எட்டு மூலையில், யார் வந்தாலும் வராவிட்டாலும் சக்கரம் முழுதாக நின்றே ஆக வேண்டும். ஐம்பது கேள்வியில் நாற்பத்திரண்டு சரியாகச் சொல்லித்தான் நாமெல்லாம் லைசென்ஸ் எடுத்தோம். எடுத்த பிறகு என்ன நடக்கிறது? எட்டு மூலையை முக்கோணமாக நடத்துகிறோம். முக்கோணத்தை மரமாக நடத்துகிறோம்.

எந்த ஆபத்தும் இல்லாதபோது ஏன் நிற்க வேண்டும் என்று ஒரு தங்கை வகுப்பில் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆபத்து இல்லை என்று எப்படித் தெரியும் என்பதுதான் விஷயம். நம்மைச் சுற்றியுள்ள மெயின் ரோட்டில் பல இடங்களில் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை சட்டப்படியே போகலாம். 90 கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 25 மீட்டர். நம் கப்சாய் மோட்டார் ரோட்டைக் குறுக்கே கடக்க மூன்று வினாடி ஆகிறது என்று வையுங்கள். அந்த மூன்று வினாடியில் லாரி 75 மீட்டர் வந்துவிடும். எங்கள் சிம்பாங்கில் நின்று வலது பக்கம் பாருங்கள். வளைவும் செம்பனை மட்டையும் மறைக்கிறது, 75 மீட்டர் தெரியாது. 'பாத்துட்டுத்தான் போனேன்' என்று நான் சொன்னேனே, நான் பார்த்தது வெறும் ரோட்டை. அந்த வளைவுக்குப் பின்னால் இருந்ததை அல்ல.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதல்லவா, அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு மோட்டார் முழுதாக மறைந்துகொள்ளும். நீங்களும் உருண்டுகொண்டே, அவனும் வந்துகொண்டே இருந்தால், சந்தி வரைக்கும் அவன் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருக்கக்கூடும். நீங்கள் நின்றுவிட்டால் அவன் தூணைத் தாண்டி வெளியே வருவான். பார்ப்பதற்காக நிற்பது வேறு, உருண்டுகொண்டே பார்ப்பது வேறு. இரண்டாவதில் கண் ஏமாறும்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் கிளையில் எல்லாருக்கும் இது தெரியாது.

நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது, அம்மாவின் கடைசித் தம்பி, என் சின்ன மாமா, இதே சிம்பாங்கில்தான் போனார். அப்போது இங்கே பாதி பால்மரம், பாதி செம்பனை. லயத்தில் பிறந்து, அதே ரோட்டில் சைக்கிள் பழகி, மோட்டார் வாங்கி, ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தச் சிம்பாங்கைத் தாண்டியவர். காலையில் பால் வெட்டு முடிந்து, பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, மதியம் கடைக்குப் புறப்பட்டார். அம்மா தேங்காய் வாங்கி வரச் சொல்லியிருந்தார். மணல் லாரி. வேகம் அதிகமில்லை என்று போலீஸே சொன்னது. லாரி டிரைவர் மலாய்க்காரர், நடுத்தர வயது. வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கருமாதி அன்று அவர் வந்தார். வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றார், உள்ளே வரவில்லை. அம்மாதான் போய்க் காப்பி கொடுத்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மாமா அந்த ரோட்டை அறியாதவரா? அந்த ரோடு அவருக்கு அத்துப்படி. எந்த நேரத்தில் எந்தப் பஸ் வரும், எப்போது ஃபேக்டரி லாரி வரும், எல்லாம் தெரியும். அந்த நேரத்தில் வராத ஒரு லாரி அன்று வந்தது. புது ரோட்டில் நாம் பயந்து ஓட்டுகிறோம், பலகை பார்க்கிறோம். பழகின ரோட்டில் கண் பலகையைப் பார்ப்பதே இல்லை. லயத்து வாசலிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து கோவிலுக்கு, கோவிலிலிருந்து வீட்டுக்கு. சின்னச் சின்னத் தூரம். 'இந்தா, இங்கதானே' என்று சொல்கிறோமே, அந்த இங்கேதான்.

சாவு வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: விதி. "அவன் விதி அவ்வளவுதான்." "நேரம் வந்திருச்சு." அடுத்த மாதமே சிம்பாங்கில் எலுமிச்சம்பழம் வெட்டி, பூசணிக்காய் உடைத்து, காவல் தெய்வத்துக்குப் படையல் போட்டார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. துக்கத்துக்கு ஒரு வழி வேண்டும். ஆனால் படையல் முடிந்து எல்லாரும் மோட்டாரில் திரும்பியபோது, ஒருவர்கூட அந்தப் பலகையில் நிற்கவில்லை. அப்பாவின் மோட்டாரில் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. நம் மொழியில் தலையில் எழுதியதற்கும் விதி என்றுதான் பெயர், ரோட்டில் எழுதியதற்கும் விதி என்றுதான் பெயர். ஊரார் முதலாவதைப் பேசினார்கள். இரண்டாவதைப் பற்றி அன்று யாருமே வாயைத் திறக்கவில்லை. ஊழைப் பற்றிச் சமயம் பேசுகிறது, உண்மைதான். அதே சமயம் முயற்சியைப் பற்றியும் பேசுகிறது. கோட்டில் நிற்காமல் போய்விட்டு மிச்சத்தை ஊழின் தலையில் கட்டுவது எந்த ஆகமத்தில் இருக்கிறது?

நம் ஆட்களுக்கு எதைச் சொன்னாலும் ஏறாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதோ நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி. 1992 ஜூலையில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும் என்று அரசாங்கம் பிரசாரம் தொடங்கியது. செப்டம்பரில் அது சட்டமானது. அப்போது லயத்தில் ஒரே சிரிப்பு. "பட்டப்பகல்ல லைட்டா? சூரியனுக்கே டார்ச் அடிக்கிறானுங்க" என்று மாமாவே கேலி செய்ததை அம்மா சொல்வார். ஆனால் போட்டார்கள். அந்தச் சட்டத்தால் என்ன நடந்தது என்று ஆராய்ந்தவர்கள் புத்ரா பல்கலைக்கழகத்தின் ராடின் உமாரும் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவரும். அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு ஊர்கள் ஷா ஆலாமும் நம் சிரம்பானும்! பகலில் மோட்டார் கண்ணில் படாததால் நடக்கும் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்தன என்று 1996இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சிம்பாங்கில் நிற்கிற கார்க்காரன் கண்ணுக்கு மோட்டார் தெரிந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

இன்று பாருங்கள், யாராவது பகலில் விளக்கு போடுவதைக் கேலி செய்கிறார்களா? விளக்கு எரியாவிட்டால் எதிரே வருகிறவர் கை காட்டிச் சொல்கிறார். இப்போது வரும் பல மோட்டார்களில் அணைக்கிற சுவிட்சே கிடையாது. முதல் வருஷம் சம்மனுக்குப் பயந்து போட்டவர்கள், பிறகு பழக்கத்தால் போட்டார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு அது கேள்வியே இல்லாத விஷயம். பழகின ரோடு மாமாவைக் கொன்றது என்றேன். அதே பழக்கம்தான் எத்தனையோ பேரைக் காப்பாற்றியும் இருக்கிறது.

ஹெல்மெட் கதை இவ்வளவு நன்றாகப் போகவில்லை. 1973 முதல் அது கட்டாயம், அரை நூற்றாண்டாகிவிட்டது. 2000ஆம் ஆண்டு மலேசிய மருத்துவ இதழில் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையில், ரோட்டில் நின்று பார்த்த மோட்டார்க்காரர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே ஹெல்மெட்டைச் சரியாக அணிந்திருந்தார்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர் போடவே இல்லை. மீதிப் பேர் போட்டும் போடாத மாதிரி. வார் பூட்டாத ஹெல்மெட், விழும்போது தலைக்கு முன்னால் அது விழும்.

நம் கோவில் பக்கம் வந்து எண்ணினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டு சந்தனம் பூசியவர், சந்தனம் கலையும் என்று ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வருவார். அக்காமார்கள் தலையில் பூ நசுங்கும் என்பார்கள். பையன் புது மோட்டார் வாங்கிக் கோவிலுக்குக் கொண்டுவருவான். ஐயர் மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பார். பழத்தை நசுக்கிவிட்டு வெறுந்தலையோடு, பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போவான். எல்லாரும் கை தட்டுவோம். எங்கள் கோவிலில் நான் இதைப் பேசியதற்கு 'சாமி காரியத்துல வந்து அபசகுனமா பேசுறான்' என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் திரும்பவும் பேசுவேன். ஐயரும் ஹெல்மெட்டுக்கு ஒரு பொட்டு வைத்தால் நன்றாக இருக்கும்.

இன்னொன்றையும் பெற்றோர்கள் காதில் போட வேண்டும். மோட்டார் லைசென்ஸ் எடுக்கக் குறைந்த வயது 16. நம் தோட்டங்களில் பன்னிரண்டு வயதிலேயே 'கடைக்குப் போயி சீனி வாங்கிட்டு வாடா' என்று சாவியைக் கொடுக்கிறோம். தோட்டத்து ரோட்டில் போலீஸ் வராது என்ற தைரியம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட விட்டவரும் குற்றவாளி. அதைவிட முக்கியம், அந்தப் பையன் ரோட்டைக் கற்றுக்கொள்வது யாரைப் பார்த்து? உண்டாங் புத்தகத்தைப் பார்த்து அல்ல. அவன் லைசென்ஸ் எடுப்பதற்குள் நான்கு வருஷம் சிம்பாங்கில் நிற்காமல் பழகியிருப்பான். பிறகு ஐந்தாறு மணி நேர வகுப்பில் அதை எப்படி மாற்றுவது?

2016இல் இந்த நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். 2019இல் 6,167 பேர். ஒரு நாளைக்குப் பதினேழு பேர் என்று கணக்கு வரும். பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். எண்ணாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது, எனக்கும் தோன்றுவதில்லை. பதினேழு வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம் என்று நினைத்தால்தான் கொஞ்சம் உறைக்கிறது.

செருப்பு என்றதும் வகுப்பில் நான் கேட்ட கேள்வி ஞாபகம் வருகிறது. நோட்டைப் பார்த்து முடித்து, நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைக் கோவிலுக்குத் திரும்ப அழைத்து வந்தேன். வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். "இங்க போலீஸ் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். "கேமரா?" இல்லை. "உள்ள யாரும் இல்ல, ஐயரும் வீட்டுக்குப் போயிட்டாரு. அப்புறம் ஏன் கழட்டுனீங்க?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. நோட்டில் என்னை மாட்டிவிட்ட அந்தத் தம்பிதான் சொன்னான்: "தெரியலண்ணே. சின்னப் பிள்ளையிலேர்ந்து அம்மா கழட்டுவாங்க, நானும் கழட்டுவேன்."

உங்கள் கிளையிலும் இந்த வகுப்பைச் செய்து பாருங்கள். பக்கத்துச் சிம்பாங், ஒரு நோட்டு, ஒரு மணி நேரம். பிள்ளைகள் ரோட்டு ஓரத்தை விட்டு நன்றாகத் தள்ளி, நிழலில் உட்காரட்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வண்டி எண், ஆள் பெயர் எதையும் எழுதக் கூடாது, கோடு மட்டும் போதும். எங்கள் பிள்ளைகள் என் பேரை எழுதியது விதிவிலக்கு. லைசென்ஸ் வைத்திருக்கிற அண்ணன்மார், அக்காமார் அன்று அந்த வழியாக வரும்போது எந்தக் கட்டத்தில் விழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு கலந்துரையாடலைத் தொடங்கினால் போதும். பேச்சாளர் தேவைப்படாது.

அடுத்த ஞாயிறு நானும் அந்தச் சிம்பாங்குக்கு வந்தேன். பலகைக்கு முன்னால் வெள்ளைக் கோட்டில் மோட்டாரை நிறுத்தி, இடது காலைக் கீழே வைத்தேன். வலது, இடது, மறுபடி வலது. ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. திரும்பிப் பார்த்தால் நம் கோவில் நிர்வாகத்து அண்ணன். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன தம்பி, மோட்டார் செத்துப் போச்சா?"

"இல்லண்ணே," என்றேன். "நிக்கிறேன்."